எதிரிக்கும் பசிக்கும்!

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. வீடியோ கேம்ல இதுவரைக்கும் நீங்க எத்தனை பேரைச் சுட்டுத் தள்ளியிருப்பீங்க? நூறு? ஆயிரம்? கணக்கு வெச்சிருக்கீங்களா? மாட்டீங்க. நானும் வெச்சுக்கலை. ஆனா, ஒரே ஒரு கேம் எனக்குத் தெரியாமலேயே அந்தக் கணக்கை எழுதி வெச்சிருந்தது. ஒரு சாயங்காலம், மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டை நீட்டுற மாதிரி மொத்தத்தையும் என் முன்னாடி நீட்டுச்சு. அதுவும் எப்போ? பின்னாடி எங்க அப்பா நின்னு பார்த்துக்கிட்டிருக்கும்போது! அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். (கேமோட கிளைமாக்ஸ் வரைக்கும் சொல்லிடுவேன். இனிமேதான் விளையாடப் போறேன்னு சொல்றவங்க இப்பவே அப்பீட்டு ஆகிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!)

2008 டிசம்பர். நான் இன்ஜினீயரிங் இரண்டாவது வருஷம். செமஸ்டர் லீவு. வேலூர் பக்கத்துல இருக்கிற எங்க வீட்டுக்கு ஒருநாள் சித்தி வந்தாங்க, கையில ஒரு பெரிய பையோட. பைக்குள்ள சித்தி பையனோட பிளேஸ்டேஷன் 2. 'அவனுக்கு பிளஸ் டூ. பரீட்சை முடியுற வரைக்கும் இந்தச் சனியன் என் வீட்ல இருக்கக் கூடாது. நீயே வெச்சுக்கம்மா'ன்னு எங்க அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டாங்க. ஸ்ரீராமருக்கு 14 வருஷம், அந்தப் பொட்டிக்கு மூணு மாசம் வனவாசம்!

உஷாரான சித்தி, கார் ரேஸ், கிரிக்கெட்னு எல்லா டிஸ்க்கையும் தன் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. ஆனா, உள்ளுக்குள்ள மாட்டியிருந்த ஒண்ணை மட்டும் மறந்துட்டாங்க. பட்டனை அமுக்கினதும் டிரே வெளியே வந்தது. 'மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்நேக் ஈட்டர்'. அட்டை இல்லை, புக்கு இல்லை, எப்படி விளையாடணும்னு சொல்லித்தர ஆளும் இல்லை.

எனக்கு கேம்னா ஒண்ணுதான் தெரியும். காலேஜ் லேப்ல சார் கண்ணுல மண்ணைத் தூவிட்டு விளையாடுற 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்'. ஓடு, சுடு, செத்துப் போ, மறுபடி ஓடு. அவ்ளோதான் ஃபார்முலா. அதே நினைப்போட எங்க வீட்டு 21 இன்ச் டி.வி-யில சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர்களைச் சொருகிட்டு உட்கார்ந்தேன். வாங்கினேன் பாருங்க ஒரு பல்பு!

முதல்ல கேமே ஆரம்பிக்க மாட்டேங்குது. படம் ஓடுது. ஓடுது... ஓடிக்கிட்டே இருக்குது. 1964-ம் வருஷம். அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பனிப்போர் நடக்குற நேரம். ஸ்நேக்னு ஒரு அமெரிக்க வீரன், விமானத்துல இருந்து சோவியத் காட்டுக்குள்ள குதிக்கிறான். ஆயுதம் செய்யறதுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கிற ஒரு விஞ்ஞானியை மீட்டுட்டு வரணும். ரேடியோவுல மூணு பேர் மாத்தி மாத்திப் பேசுறாங்க. அதுல ஒரு பொண்ணு குரல்... 'தி பாஸ்'. ஸ்நேக்குக்குச் சண்டை, சாப்பாடு, மூச்சு விடுறது எல்லாம் கத்துக்கொடுத்த குரு. இரண்டாம் உலகப் போர்ல பெரிய வீராங்கனை. ஸ்நேக்குக்கு அம்மா மாதிரி.

ஒருவழியா பட்டன் என் கைக்கு வந்துச்சு. எதிர்ல ஒரு சோவியத் காவலாளி. நான் என்ன பண்ணுவேன்? நேரா ஓடினேன். அவன் தலைக்கு மேல ஒரு ஆச்சரியக்குறி, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கிருந்தோ அவன் ஃப்ரெண்ட்ஸ் வேற. பொட்டு பொட்டுன்னு சுட்டு ஆள் காலி. மறுபடி ஓடினேன். மறுபடி காலி. ஆறு தடவை!

ஏழாவது தடவை, வேற வழியில்லாம புல்லுக்குள்ள படுத்தேன். ஸ்கிரீன் ஓரத்துல ஒரு நம்பர் விறுவிறுன்னு ஏறுச்சு. காட்டோட நீங்க எவ்வளவு கலந்திருக்கீங்கங்கிறதைச் சொல்ற சதவீதம் அது. நின்னா குறையும், படுத்தா ஏறும். மண்ணு கலர் டிரெஸ் போட்டுட்டுப் புல்லுல படுத்தா குறையும், புல்லு கலர் டிரெஸ் போட்டா ஏறும். காவலாளி என் மூக்குக்கு முன்னாடி நடந்து போனான். அவனோட பூட்ஸ் சத்தம் கேட்குது. என்னைப் பார்க்கலை! சத்தியமா சொல்றேன், டி.வி-க்கு முன்னாடி உட்கார்ந்திருந்த நான் நிஜமாவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்போதான் பின்னாடி இருந்து ஒரு குரல்... 'முழங்கையை ஊனிப் போறான். சரியாத்தான் போறான்'. அப்பா. கையில டீ டம்ளர்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். 1983-ல ராணுவத்துல சேர்ந்தவர். சிக்னல்ஸ் பிரிவு. 17 வருஷ சர்வீஸ் முடிச்சு 2000-ல ஹவில்தாரா ஊருக்கு வந்தார். அதுக்கப்புறம் ஒரு ஏ.டி.எம்-ல ராத்திரி வாட்ச்மேன். பத்து மணிக்குப் போனா காலையில ஆறு மணிக்குத்தான் வருவார். எங்க ஊர்ப் பக்கம் பட்டாளத்துக்காரங்க நிறைய. அவங்கள்லாம் திண்ணையில உட்கார்ந்து சண்டைக் கதையா அள்ளி விடுவாங்க. எங்க அப்பா வாயே திறக்க மாட்டார். 'அங்க என்னப்பா பண்ணீங்க?'ன்னு கேட்டா, 'ஒயர் இழுத்தேன்'னு சொல்லி முடிச்சிடுவார். அவ்வளவு பேசினதே அதிகம். அவர் டூட்டிக்குக் கிளம்புற நேரம் நான் டி.வி பார்ப்பேன், அவர் தூங்கி எழுற நேரம் நான் வெளியே போயிருப்பேன். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, ஷிஃப்ட் மாத்துற ஆளுங்க மாதிரி வாழ்ந்துட்டிருந்தோம்.

அந்த கேம் எங்களை ஒரே ரூம்ல உட்கார வெச்சது.

இந்த இடத்துல கொஞ்சம் ஜி.கே! ஒளிஞ்சு விளையாடுற இந்த மாதிரி கேமுக்கு 'ஸ்டெல்த்'னு பேர். 1981-லயே ஆப்பிள் 2 கம்ப்யூட்டர்ல 'காஸில் உல்ஃபென்ஸ்டைன்'னு ஒண்ணு வந்திருக்கு. ஆனா, இதை ஒரு பெரிய வகையா மாத்தினதுல ஜப்பான்காரர் ஹிடியோ கோஜிமாவுக்குப் பெரிய பங்கு. 1986-ல கொனாமி கம்பெனியில சேர்ந்த அவர்கிட்ட, எம்.எஸ்.எக்ஸ் 2-ங்கிற குட்டி கம்ப்யூட்டருக்கு ஒரு சண்டை கேம் செய்யச் சொன்னாங்க. அந்த மெஷின்ல ஒரே நேரத்துல நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் காட்ட முடியலை. நாமளா இருந்தா 'மெஷின் சரியில்ல சார்'னு லீவு போட்டிருப்போம். அவர் யோசிச்சார்... 'சண்டையே போடாம ஒளிஞ்சு ஓடுற மாதிரி வெச்சா?' 1987-ல 'மெட்டல் கியர்' பிறந்தது. 1998-ல 'மெட்டல் கியர் சாலிட்', 'தீஃப்', 'டென்சூ'ன்னு மூணு ஸ்டெல்த் கேம் ஒரே வருஷத்துல வந்து தூள் கிளப்புச்சு. 2004-ல வந்ததுதான் நான் விளையாடின 'ஸ்நேக் ஈட்டர்'. மெஷினோட குறையையே பலமா மாத்தின ஐடியா. புராஜெக்ட்ல முட்டிக்கிட்டு நிக்கிறவங்க நோட் பண்ணிக்குங்க!

சரி, கதைக்கு வருவோம். ஸ்நேக்கோட முதல் மிஷன் சொதப்பல். கடைசி நிமிஷத்துல குருவே கட்சி மாறிடறாங்க. சின்னதா இரண்டு அணுகுண்டைப் பரிசாக் கொடுத்துட்டு, வோல்கின்ங்கிற சோவியத் கர்னலோட சேர்ந்துக்கிறாங்க. சிஷ்யனோட கையை உடைச்சு, பாலத்துல இருந்து ஆத்துல தள்ளி விடுறாங்க. அந்தக் கிறுக்கு கர்னல் அந்த குண்டுல ஒண்ணை அவன் நாட்டுலயே போட்டுடறான். பழி அமெரிக்கா மேல. 'நாங்க காரணமில்லைன்னு நிரூபிக்கணும்னா, எங்க துரோகியை நாங்களே கொல்லணும்.' ஒரு வாரம் கழிச்சு ஸ்நேக் மறுபடி அதே காட்டுக்குப் போறான். உத்தரவு இதுதான்: உன் குருவைக் கொன்னுட்டு வா.

காட்டுல ஸ்நேக்குக்குப் பசிக்கும். பாம்பு, தவளை, காளான்னு பிடிச்சுச் சாப்பிடணும். பிடிச்சு வெச்ச கறி நாள் ஆக ஆகக் கெட்டுப்போகும். எலும்பு முறிஞ்சா நாமதான் கட்டுப் போடணும். கரன்ட் போறதுக்குள்ள சேவ் பண்ணணும்னா, ரேடியோவுல பாரா-மெடிக்ங்கிற டாக்டரம்மாவைக் கூப்பிடணும். அவங்க உடனே சேவ் பண்ண விடாம, ஏதாவது பழைய படக் கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. 2008-ல நம்ம ஊர் பவர் கட் எப்படி இருந்ததுன்னு உங்க அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்க. 'தாயே, காட்ஸில்லா கதை அப்புறம் சொல்லு, கரன்ட் போயிடும்'னு நான் கதறினது தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆரம்பத்துல கையில தூக்க மருந்து துப்பாக்கிதான். சுட்டா எதிரி தூங்குவான். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து மறுபடி சுத்துவான். எனக்கு அது மொக்கையா இருந்தது. நிஜத் துப்பாக்கி கைக்கு வந்ததும் மருந்துத் துப்பாக்கியை மூட்டை கட்டிட்டேன். பின்னாடி பதுங்கிப் போறது, கழுத்தைப் பிடிக்கிறது, கத்தி. முடிஞ்சுது. எழுந்து வர மாட்டான்ல!

அப்பா தினமும் சாயங்காலம் எழுந்ததும் டீயோட வந்து பின்னாடி நாற்காலியில உட்கார ஆரம்பிச்சார். அம்மாவுக்கே ஆச்சர்யம். ஒருநாள் ஒரு காவலாளி சுவரோரமா நின்னு கொட்டாவி விட்டான்.

'நைட் டூட்டி போல' என்றார் அப்பா.

நான் சிரிச்சேன். பதுங்கிப் போய் அவன் பின்னாடி நின்னேன்.

'சென்ட்ரியில நிக்கிறவன் எதிரியை எதிர்பார்த்து நிக்க மாட்டான் பாப்பா' என்றார். 'அடுத்து மாத்திவிட வர்ற ஆளை எதிர்பார்த்துதான் நிப்பான். அதான் காலடிச் சத்தம் கேட்டா முதல்ல சந்தோஷப்படுவான்.'

நான் பட்டனை அமுக்கிட்டேன். காவலாளி விழுந்தான். அப்பா டீயைக் குடிச்சார்.

இன்னொரு நாள், எதிரிகளோட சாப்பாட்டு கோடவுன் ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். வெடி வெச்சா கோடவுன் காலி. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துக் காவலாளிங்களுக்கு நிஜமாவே பசிக்க ஆரம்பிக்கும்! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாங்க. நாம கெட்டுப்போன கறியைத் தூக்கிப் போட்டாக்கூட ஓடி வந்து எடுத்துச் சாப்பிடுவாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை. 'அப்பா, இங்க பாருங்கப்பா...'ன்னு திரும்பினேன். அவர் எழுந்துட்டார்.

'சோத்துல மட்டும் கை வைக்காதே பாப்பா.'

அவ்ளோதான். உள்ளே போயிட்டார். எனக்குக் கொஞ்சம் கடுப்பு. கேம்தானேப்பா!

அதே வாரம் இன்னொண்ணு நடந்தது. எதிரியைப் பின்னாடி இருந்து பிடிச்சு மிரட்டினா, அவன் ஏதாவது ரகசியம் சொல்வான். ஒருத்தனைப் பிடிச்சேன். அவன் திக்கித் திணறிப் பேசினான். அப்பா கேட்டார், 'அவன் பேசுறது உனக்குப் புரியுதா?'

'ரஷ்யாக்காரன்தான்பா. ஆனா, கேம்ல இங்கிலீஷ்லதான் பேசுறான். புரியுதே.'

'புரியாம இருந்தா நல்லது' என்றார். என்ன சொல்றார்னு எனக்கு விளங்கலை.

நடுவுல ஒரு காமெடி. 'தி எண்ட்'னு ஒரு வில்லன். நூறு வயசைத் தாண்டின தாத்தா. காட்டுக்குள்ள எங்கேயாவது ஒளிஞ்சு உட்கார்ந்து தூர இருந்தே சுடுவார். மூணு சாயங்காலம் தேடினேன், தாத்தா சிக்கலை. கடுப்புல சேவ் பண்ணிட்டு, சின்ன அத்தை கல்யாணத்துக்குப் போயிட்டேன். எட்டு நாள் கழிச்சு வந்து ஆன் பண்ணினா... தாத்தா செத்துக் கிடக்குறார்! சண்டை நடுவுல சேவ் பண்ணிட்டு ஒரு வாரத்துக்கு மேல விட்டுட்டா, அவர் வயசாகி இறந்துடற மாதிரி கேம்லயே வெச்சிருக்காங்க. மெஷின்ல இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து கேம் கணக்கு போட்டுக்குது. 'ஹய்யா, ஜாலி!'ன்னு கத்த வாயைத் திறந்தேன். ஏனோ சத்தம் வரலை. எனக்காகக் காத்துக்கிட்டிருந்த ஒரு தாத்தாவை விட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்ட மாதிரி ஒரு ஃபீலிங்.

அப்புறம் வந்தது அந்தச் சாயங்காலம்.

ஸ்நேக் மாட்டிக்கிட்டு, சித்ரவதையில ஒரு கண்ணை இழந்து, தப்பிச்சு ஓடி, ஒரு அருவியில இருந்து குதிக்கிறான். கண்ணைத் திறந்தா ஒரு ஆறு. மங்கலான வெளிச்சம். எதிர்ல 'தி சாரோ'ங்கிற ஒருத்தர். ஆவி. ஸ்நேக் முழங்கால் தண்ணியில மெதுவா நடக்கிறான். ஓட முடியாது. சுட்டா பிரயோஜனம் இல்லை.

எதிர்ல ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க.

முதல்ல எனக்குப் புரியலை. அப்புறம் ஒருத்தனோட கழுத்துல இருந்து ரத்தம் பீறிட்டதைப் பார்த்தேன். கத்தி. நான்தான். அவனுக்குப் பின்னாடி நெருப்புல கருகின ஒருத்தன். நான்தான். மக்களே, அது ஏதோ டைரக்டர் எடுத்து வெச்ச பொதுவான காட்சி இல்லை. ஆரம்பத்துல இருந்து நீங்க யார் யாரைக் கொன்னீங்களோ அவங்கதான் அந்த ஆத்துல வருவாங்க. எப்படிக் கொன்னீங்களோ அந்தக் காயத்தோட. கொஞ்சம் பேரைக் கொன்னிருந்தா கொஞ்சம் பேர். என்னை மாதிரி ஆளுன்னா...? வந்துக்கிட்டே இருந்தாங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சு. முடியலை. அழுதுக்கிட்டு, முனகிக்கிட்டு, வரிசையா. அதுல எவன் அந்தக் கொட்டாவி விட்டவன்னு என் கண்ணு தேட ஆரம்பிச்சது.

பின்னாடி சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா வாசப்படியில நிக்கிறார். காக்கி யூனிஃபார்ம், குரங்குக் குல்லா, கையில டார்ச், டிபன் கேரியர். டூட்டிக்குக் கிளம்பி நிக்கிற வாட்ச்மேன். டி.வி-க்குள்ள வரிசையா வர்றவங்களும் வாட்ச்மேனுங்கதான். எனக்கு என்னவோ மாதிரி ஆகிடுச்சு.

'இவ்வளவு பேரா பாப்பா?' என்றார்.

திட்டலை. கோபமாக்கூடக் கேட்கலை. அதுதான் கஷ்டமா இருந்தது. சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டார். அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. 'கேம்தானே'ன்னு பத்து தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தூக்கம் வரலை. காலையில ஆறு மணிக்கு சைக்கிள் சத்தம் கேட்டதும் நானே போய்க் கதவைத் திறந்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். (வாழ்க்கையில முதல் தடவை. டீ கேவலமா இருந்தது. அப்பா சொல்லலை.)

'அப்பா, அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? அவன் பேசுறது புரியாம இருந்தா நல்லதுன்னு?'

ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் சொன்னார். '1988. யாழ்ப்பாணம்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா அங்கே இருந்தார்ங்கிறதே எனக்குத் தெரியாது! 1987 ஜூலை 29-ம் தேதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்டு, அமைதிப்படைன்னு இந்திய ராணுவம் அங்கே போனதும், அந்த அக்டோபர்லயே புலிகளோட சண்டை மூண்டதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் ஏராளமான தமிழ் மக்களும் செத்ததும், 1990 மார்ச்ல படை முழுசாத் திரும்பினதும் நான் பேப்பர்ல படிச்ச விஷயம். அந்தப் பேப்பருக்குள்ள எங்க அப்பாவும் இருந்திருக்கார்.

'எங்க செக்போஸ்ட்ல பத்துப் பேர். எல்லாரும் வடக்கத்திப் பசங்க. தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ஊரடங்கு நேரத்துல யாராவது வருவாங்க. மருந்து வாங்கணும், புள்ளையைக் காணோம், மாடு அந்தப் பக்கம் போயிடுச்சுன்னு... மத்தவனுங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்குத்தான் வார்த்தை. போகக் கூடாதுன்னு சொல்ற வேலையும் எனக்குத்தான். ஒரு ராத்திரி ஒரு பாட்டி வந்துச்சு. 'தம்பி, நீ தமிழ்ப் பிள்ளைதானே?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன். 'அப்ப விடு'ன்னுச்சு.'

'விட்டீங்களாப்பா?'

'உத்தரவு இல்லை.'

அந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை. டம்ளரைக் கழுவி வெச்சுட்டுத் தூங்கப் போயிட்டார். 17 வருஷ சர்வீஸ்ல ஒயர் மட்டும் இழுத்த எங்க அப்பா.

நாலு நாள் கழிச்சு கேமோட கடைசிச் சண்டை. அப்பாவுக்கு அன்னிக்கு வீக்லி ஆஃப். வழக்கமான நாற்காலியை விட்டுட்டு, கீழே என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளைப் பூக்கள். எதிர்ல தி பாஸ். பத்தே நிமிஷம்தான். அதுக்குள்ள முடிக்கணும், இல்லேன்னா விமானங்கள் வந்து குண்டு போட்டுடும். சொல்லிக்கொடுத்த வித்தையாலேயே அவங்க என்னைத் தூக்கித் தூக்கிப் போடுறாங்க. கடைசியில ஜெயிச்சேன். குரு பூக்களுக்கு நடுவுல விழுந்து கிடக்கிறாங்க. ஸ்நேக் துப்பாக்கியை நீட்டுறான்.

அப்படியே நிக்கிறான். படம் ஓடுதுன்னு நினைச்சு நானும் சும்மா உட்கார்ந்திருக்கேன். ஒண்ணும் நடக்கலை. 'ஹேங் ஆகிடுச்சுப்பா' என்றேன்.

அப்பா மெதுவாச் சொன்னார், 'ஹேங் ஆகலை. அது உனக்காக நிக்குது.'

ஆமாம் மக்களே. மூணு வாரமா எத்தனையோ காட்சிகளை அதுவா ஓட்டின கேம், இந்த ஒரு தோட்டாவை மட்டும் என் விரல்ல விட்டுடுச்சு. யாரையும் யோசிக்காம சுட்ட விரல். இப்போ வரலை. அப்பாவைப் பார்த்தேன். அவர் டி.வி-யைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். அமுக்கினேன். வெள்ளைப் பூவெல்லாம் சிவப்பாச்சு.

உண்மை அதுக்கப்புறம்தான் தெரியவருது. தி பாஸ் துரோகியே இல்லை. கட்சி மாறின மாதிரி நடிக்கச் சொன்னதே அவங்க அரசாங்கம்தான். வோல்கின் குண்டு போட்டதுல திட்டம் கெட்டுப்போச்சு. நாட்டு மேல விழுந்த பழியைத் துடைக்க, தன் சிஷ்யன் கையாலேயே சாகச் சொல்லி உத்தரவு. அவங்க ஒத்துக்கிட்டாங்க. ஸ்நேக்குக்கு ஜனாதிபதி கையால மெடல், பட்டம் எல்லாம் கொடுக்குறாங்க. அவன் அங்க இருந்து நேரா கல்லறைக்குப் போய் ஒரு சல்யூட் அடிக்கிறான்.

'கல்லுல பேர் போடலையா?' அப்பா கேட்டார்.

'இல்லப்பா.'

'ம்.'

அதுதான் எங்க அப்பாவோட விமர்சனம்.

இப்போ ஒரு விஷயம் சொல்லவா? நல்ல கதைப் புத்தகம் படிச்சா அழுவோம். நல்ல படம் பார்த்தா அழுவோம். ஆனா, அதுல தப்பு பண்ணினது வேற யாரோ. இந்த மாதிரி கேம்ல மட்டும்தான் தப்பு பண்ணின கை நம்ம கை. 'கதைக்காக கேமா? போய்யா!'ன்னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நான் சொல்றது இதைத்தான். ஒளிஞ்சு விளையாடணும்னா எதிரியைக் கவனிக்கணும். எப்போ திரும்புவான், எப்போ கொட்டாவி விடுவான், எப்போ பசிக்கும்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஒருத்தரை அவ்வளவு நேரம் கவனிச்சிட்டா, அவங்க நமக்கு வெறும் எதிரியா இருக்க மாட்டாங்க. எனக்கு இது புரியறதுக்கு ஒரு ஆறு முழுக்க ஆள் தேவைப்பட்டுச்சு. கூடவே என் வீட்லயே இருந்த ஒரு சென்ட்ரியை 19 வருஷமா நான் கவனிக்கவே இல்லைன்னும் புரிஞ்சுது.

பிளஸ் டூ முடிஞ்சதும் தம்பி வந்து பொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். கோஜிமா 2015-ல கொனாமியை விட்டு வெளியே வந்து சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சுட்டார். 2025 ஆகஸ்ட் 28-ம் தேதி 'ஸ்நேக் ஈட்டர்' புது கிராஃபிக்ஸ்ல, 'டெல்டா'ங்கிற அடைமொழியோட மறுபடி வந்தது. நான் முதல் வாரமே வாங்கிட்டேன். வாட்ச்மேன் வேலையை எப்பவோ விட்டுட்ட அப்பா, இப்போ என் வீட்லதான் இருக்கார். முட்டி வலி. கீழே உட்கார முடியாது. நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டார்.

இந்தத் தடவை மருந்துத் துப்பாக்கி மட்டும்தான். ஒருத்தனைக்கூடக் கொல்லலை. கோடவுன் பக்கமே போகலை. விளையாடி முடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆச்சு. அந்த ஆறு வந்தது. தண்ணியில நடந்தேன். பெரிய வில்லன்கள் மட்டும் எதிர்ல வந்து போனாங்க. அதுக்கப்புறம் வெறும் தண்ணி. வெறும் பனி. யாருமே வரலை.

அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார்.

'பரவாயில்லையே பாப்பா... இந்த வாட்டி எல்லாரும் டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாங்க!'